டப்பாவில் இல்லாத ‘அ’

1. மேல்கோட்டில் தொங்கிய எழுத்துகள்

முதல் நாளே கத்திவிட்டேன். பிள்ளைகளிடம் கத்தக் கூடாது என்று மெட்ரோவில் வரும்போதே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த முடிவு முதல் வகுப்பைக்கூடத் தாண்டவில்லை.

நான் டெல்லியில் ஒரு ஸ்டூடியோவில் டைப் டிசைனராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அப்படி வரைகிறவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வுக்குப் பிறகு ஒரு தமிழ்ப் பள்ளியில் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும், அவரவர் கையெழுத்தையே ஃபான்ட் ஆக்கக் கற்றுத் தர முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். என் கணவர் இறந்துபோய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மயூர் விஹார் ஃபிளாட்டில் தனியாக இருந்தால் பிரிட்ஜோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வேலை சுலபம்தான். கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டும். தாளை ஸ்கேன் செய்து, எழுத்தின் ஓரத்தைக் கம்ப்யூட்டரில் பாயிண்ட் வைத்து டிரேஸ் செய்ய வேண்டும். பிறகு எல்லா எழுத்தையும் பேஸ்லைனில், அதாவது அடிக்கோட்டில், உட்கார வைக்க வேண்டும். இருநூற்று நாற்பத்தேழையும் வரைய வேண்டாம். காலும் கொம்பும் தனித்தனியாக இருந்தால் போதும், கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளும். கு, டு, து வரிசைதான் தலைவலி, ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும்.

தாள்கள் திரும்பி வந்தன. பார்த்தால் எல்லா எழுத்தும் கட்டத்தின் மேல்கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடிக்கோட்டைத் தொட்டவை ஒன்றிரண்டுதான். ஒரு பையன் ‘க’, ‘ம’, ‘ப’ மூன்றையும் எழுதி, தலைக்கு மேல் நீளமாக ஒரு கோடு வேறு இழுத்திருந்தான்.

கோபம் வந்தால் என் வாயில் திருநெல்வேலி வந்துவிடும். “என்னலே இது? எழுத்தைக் கழுவுல ஏத்தி வச்சிருக்க?” என்று கத்தினேன்.

அவனுக்கு ‘கழு’ புரியவில்லை. “மேம், ஹிந்தில அப்டிதானே எழுதுவோம்? மேல லைன்ல மாட்டணும்ல?” என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். டெல்லியில் பிறந்த பிள்ளைகள். ரூல் போட்ட நோட்டில் முதலில் கை பழகியது ஹிந்திக்கு. ஹிந்தி மேல்கோட்டிலிருந்து தொங்கும், தமிழ் கீழ்க்கோட்டில் உட்காரும். சென்னையில் எந்தக் குழந்தையும் இந்தத் தப்பைச் செய்யாது. கத்தியதற்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வாரம் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிப் போனேன்.

2. லேபில் மசாலா வாசனை

அந்த வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். அப்பா பெயிண்டிங் கூலி வேலை, சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஐந்தாம் வகுப்புவரை ஹிந்திப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். மற்ற பிள்ளைகள் அவரவர் கையெழுத்தைச் செய்துகொண்டிருக்க, இவள் மட்டும் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“மேம், என் எழுத்து வேணாம். எங்கம்மா எழுத்துல செய்யலாமா?”

போனில் சமையல் டப்பாக்களின் படம். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு எழுத்தில் பெயர். பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும் என்று, அவள் அம்மா மஞ்சுளா நெயில் பாலிஷால் எழுதியிருந்தாள்.

“படத்துல டப்பா வளைஞ்சு தெரியுது. எழுத்தோட அகலம் தப்பா வரும். டப்பாவையே கொண்டுவா” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிப் பையில் புத்தகத்துக்குப் பதிலாக டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். மல்லி, கடுகு, சீரகம், மிளகு, மஞ்சள், புளி, உப்பு, சர்க்கரை, டீத்தூள், பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம். காலி செய்யாமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள். கம்ப்யூட்டர் லேப் முழுக்கத் தும்மல். பிரின்சிபால் எட்டிப் பார்த்து, “ஈஸ்வரி மேடம், ஃபான்ட் கிளாஸ்னு சொன்னீங்க. சாம்பார் கொதிக்கிற வாசனை வருதே?” என்றார்.

டிரேசிங் பேப்பரை டப்பாவைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். எத்தனையோ பேர் எழுத்தைப் பார்த்த கண் என்னுடையது. இருந்தாலும் அந்த எழுத்துகள் எனக்குப் பிடித்துப்போயின. நெயில் பாலிஷ் பிரஷ் ஆரம்பிக்கும் இடத்தில் கோடு தடிமன், போகப்போக மெலிசு, தூக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொட்டு. டப்பாவில் ஏது ரூல்? அப்படியும் எழுத்துகளின் பாதம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தது. தலைகள்தான் ஏறி இறங்கி, ஆளுக்கொரு உயரம்.

“அம்மா எவ்வளவு படிச்சிருக்காங்க?”

“அஞ்சாவது மேம். ஊர்ல.”

“அம்மாவையே கட்டத்துல எழுதச் சொல்லலாமே. ஏன் டப்பாவோட மல்லுக்கட்டுற?”

பவித்ரா மல்லி டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். பிறகுதான் சொன்னாள். மஞ்சுளா ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. குழந்தை மஞ்சுளாவிடம் மட்டும்தான் தூங்கும். சம்பளம் கூட்டித் தருகிறோம், நீயும் வந்துவிடு என்றார்கள். போய்விட்டாள். வீட்டில் இப்போது அப்பா, பவித்ரா, இரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கை காவ்யா.

“காவ்யா அம்மாகிட்ட பேசவே மாட்டேங்கிறா மேம். வீடியோ கால்ல அந்தப் பாப்பா அம்மா இடுப்புலயே இருக்கும். அது அழுவுனா அம்மா ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒரு நாளு இவ போனைத் தூக்கிப் போட்டுட்டா. அப்பறம் கூப்டா வர்றதே இல்ல. டப்பாவத் தடவித் தடவிப் படிச்சிட்டிருக்கா. அவ்ளோதான்.”

“ஃபான்ட் வச்சு என்ன பண்ணப் போற?”

“சும்மாதான் மேம். புது டப்பாக்கு லேபிள் போடலாம்னு.”

நம்பினேன். பிள்ளைகள் ‘சும்மா’ என்று சொன்னால் நம்பக் கூடாது என்று இப்போது தெரியும்.

3. உறவுக்காரர் இல்லாத எழுத்து

டப்பாவில் இருந்த எழுத்துகளை ஏற்றியதும் பவித்ரா முதலில் டைப் செய்தது ‘அம்மா’. திரையில் முதலில் ஒரு வெற்றுக் கட்டம், அதை ஒட்டி ‘ம்மா’ என்று வந்தது. ஃபான்டில் இல்லாத எழுத்தை அடித்தால் எங்கள் மென்பொருள் அப்படித்தான் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டும்.

“ ‘அ’ எங்கேயும் இல்லையா? அரிசி டப்பா?”

“அரிசி டிரம்ல இருக்கு மேம். அதுக்கு எதுக்கு லேபிள்? தெரியாதா என்ன?”

இந்தத் தொழிலில் இல்லாத எழுத்தை இருக்கிற எழுத்திலிருந்து பெறுவது தினசரி வேலை. ஒரு கையின் நாலைந்து எழுத்து கிடைத்தால் அதன் சுபாவம் பிடிபட்டுவிடும். ‘ல’வின் சுழியை எடுத்து ‘ன’வில் வைக்கலாம். ‘த’வின் வாலை ‘ந’வுக்கு மாட்டலாம். இதை நான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். பவித்ரா சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் ‘அ’வுக்கு அந்த டப்பாக்களில் உறவுக்காரர் யாரும் இல்லை. அந்த வயிறும் அந்தச் சுழியும் வேறு எதிலும் கிடையாது.

“நீயே எழுது. அம்மா எழுதினா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டு எழுது” என்றேன்.

வீட்டிலிருந்து அதே நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து தாள் தாளாக எழுதினாள். எல்லாம் அழகாக இருந்தன, எல்லாம் மேல்கோட்டில் தொங்கின. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே இழுத்துப் பேஸ்லைனில் உட்கார வைத்தேன். டப்பாவில் இல்லையென்று அவள் வரைந்த மற்ற எழுத்துகளையும் அப்படியே இறக்கினேன். தலைகள் மட்டும் கத்தரித்தாற்போல் ஒரே மட்டத்தில் நின்றன. எனக்கு அது தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

4. காவ்யா வந்தாள்

அடுத்த சனிக்கிழமை பவித்ரா ஒரு சின்னப் பெண்ணோடு வந்து வாசலில் நின்றாள். சின்னவள் ஒரு பின்னல் அவிழ்ந்து, ஒரு பின்னல் இறுகி, கையில் மடித்த காகிதத்தோடு இருந்தாள். அக்காளை ஒதுக்கிவிட்டு நேராக என் முன்னால் வந்தாள்.

“நீங்கதான் அம்மா மாதிரி எழுத மிஷின் செஞ்சு குடுத்தீங்களா?”

காகிதத்தை விரித்தேன். மஞ்சுளாவின் எழுத்தில் பிரிண்ட் எடுத்திருந்தது. ‘காவ்யா கண்ணு, போன்ல பேசு. பொங்கலுக்கு வருவேன். அம்மா.’

எனக்குத் தலைக்கு ஏறியது. “ஏட்டி பவித்ரா! பொங்கலுக்கு வாரேன்னு அம்மா சொன்னாளா?”

“இல்ல மேம்.”

“பின்னே? நாளைக்கு அவ நெசமாவே ஒண்ணு எழுதினா இந்தப் பிள்ளை நம்புமா? உனக்கு நான் இதுக்கா சொல்லிக் குடுத்தேன்?”

பவித்ரா அழுதுவிட்டாள். “அவ பேசலன்னு அங்க அம்மா அழுவுறாங்க. இங்க இவ சாப்ட மாட்டேங்கிறா. நான் என்னா மேம் பண்றது? ரெண்டு பேருக்கும் நான்தானே பதில் சொல்லணும்?”

அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? பதினான்கு வயதுப் பெண் அது.

காவ்யா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, காகிதத்தில் சில எழுத்துகளை வட்டம் போட ஆரம்பித்திருந்தாள்.

“இது அம்மா. இதுவும் அம்மா. இது அக்கா. இது அக்கா. ‘கண்ணு’ல ‘க’ மட்டும்தான் அம்மா.”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ண், ணு, சு, லு, ன். ஒன்றுகூடத் தப்பில்லை. எங்கள் ஸ்டூடியோவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர்கள்கூட அவ்வளவு வேகமாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“அக்கா எழுத்து துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். மேல நேரா இருக்கும். அம்மாவுது கீழ நேரா இருக்கும்.” கடைசி வரிக்கு வந்தாள். பென்சிலை ‘அ’வின் மேல் வைத்து அழுத்தி வட்டம் போட்டாள். “ ‘அம்மா’ன்னு எழுதுனதுலயே மொத எழுத்து அம்மா இல்ல.”

காகிதத்தை அக்காள் முன்னால் நீட்டினாள்.

“இந்த எழுத்தெல்லாம் அம்மாவ எழுதச் சொல்லு” என்றாள் அக்காளிடம்.

பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டாள். நான் அதை வாங்கிக் காவ்யாவிடம் கொடுத்தேன். “உனக்குத்தானே வேணும்? நீயே கேளு.”

போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கிப் போட்டுவிடுவாளோ என்று ஒரு கையை அடியில் வைத்துக்கொண்டேன். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. பிறகு திரையில் ஒரு சமையலறை வந்தது, மஞ்சுளா வந்தாள், இடுப்பில் அந்தக் குழந்தையும் வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் மஞ்சுளா போனை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுக் கிட்டே குனிந்தாள்.

“காவ்யா... கண்ணு... என்னாடி, சாப்ட்டியா?”

“அ எழுது.”

“என்னாது?”

“அ எழுதும்மா. டப்பால இல்ல.”

மஞ்சுளாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கேள்வி கேட்கவில்லை. அடுப்பு மேடையிலிருந்து ஒரு கூரியர் அட்டைப் பெட்டியை இழுத்தாள், குழந்தையின் கிரேயான் ஒன்றை எடுத்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கிரேயான். பெட்டி நழுவி நழுவிப் போனது. குழந்தை கிரேயானைப் பிடுங்கியது.

காவ்யா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அந்தப் பாப்பாவ எறக்கி விட்டுட்டு எழுது.”

மஞ்சுளா குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது உடனே வீறிட்டு அழுதது. எங்கள் லேப் முழுவதும் கேட்கிற மாதிரி அழுதது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால், மெதுவாக, பெரிதாக, ஒரு ‘அ’ எழுதினாள். எழுதி முடித்துப் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பெட்டிக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.

காவ்யா திரையில் விரலை வைத்து அந்த எழுத்தை ஒரு தரம் எழுதிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு” என்றாள்.

5. பொங்கலுக்குப் பிறகு

மஞ்சுளா அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. வீட்டுக்காரர்கள் லீவு தரவில்லை. வரவில்லை என்பதை அவளே போனில் சொன்னாள், காவ்யாவிடமே சொன்னாள். காவ்யா அழுது, கத்தி, சண்டை போட்டாள். ஆனால் போனைத் தூக்கிப் போடவில்லை.

எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. கிரேயான் சரிப்படாது, நெயில் பாலிஷ்தான் வேண்டும் என்று காவ்யா உத்தரவு போட்டிருந்தாள். மஞ்சுளா வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு வாங்கி எழுதி அனுப்பினாள். பளபளவென்று ரோஸ் கலர், விலை உயர்ந்த பாட்டில் என்று பார்த்தாலே தெரிந்தது. ஃபான்டுக்கு நிறம் கிடையாது, அதனால் பாதகமில்லை. பவித்ரா தன் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு அம்மாவுடையதை ஏற்றினாள்.

நீக்கியவற்றை அழிக்க விடவில்லை நான். “அது உன் ஃபான்ட். பாக்கியையும் முடி” என்றேன்.

“தொங்குதே மேம்?”

“தொங்கட்டும். அது உன் கை. டெல்லிக் கை.”

வருடக் கடைசியில் இரண்டு ஃபான்டோடு வகுப்பை முடித்தவள் அவள் மட்டும்தான். கோடை விடுமுறைக்கு மஞ்சுளா வந்தபோது என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தாள். அதிகம் பேசவில்லை. காவ்யா அவள் புடவைத் தலைப்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடியே நின்றாள், கடைசிவரை விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு எதையாவது சொல்லுங்கள் என்று எங்கள் ஸ்டூடியோவில் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். இல்லாத எழுத்தை உங்களால் வரைந்துவிட முடியும். அந்தத் திறமைக்குத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் ஒருவர் கையெழுத்தில் ஃபான்ட் செய்யும்போது, அந்தக் கைக்கு உரியவர் இருக்கிறார் என்றால், போனைப் போட்டுக் கேளுங்கள். அவரையே எழுதச் சொல்லுங்கள். கேட்க முடிகிறவரை கேட்டுவிடுங்கள்.

எனக்குக் கேட்க ஆள் இல்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே, நான் ஸ்டூடியோவிலிருந்து தாமதமாக வந்தால் என் கணவர் துண்டுச் சீட்டில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். ‘சோறு வச்சாச்சு. ரசம் மட்டும் சுட வச்சுக்கோ.’ காலையில் எனக்கு முன்னால் கிளம்பிப் போனாலும் ஒரு சீட்டு இருக்கும். ‘பஸ் லேட்டானா போன் பண்ணு.’ ‘மழை வரும், குடை எடுத்துக்கோ.’ அந்தச் சீட்டுகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. அவர் எழுத்தில் ஒரு ஃபான்ட் செய்துகொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எழுதியதும் இல்லை. எந்தச் சீட்டிலும் ‘ஈ’ கிடையாது.

அதை வரைவது எனக்கு ஒரு காலைப்பொழுது வேலைதான். சுழியும் பொட்டும் எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது, காவ்யாவைத் தவிர.

வரையவில்லை. சில நாட்கள் அவர் நினைப்பு தாங்க முடியாமல் போகும்போது, அவர் எழுத்தில் என் பெயரை அடித்துப் பார்ப்பேன். முதலில் ஒரு காலிக் கட்டம் வரும், பிறகு ‘ஸ்வரி’ என்று வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, போய் ரசத்தைச் சுட வைத்துக்கொள்வேன்.